சொல்லிக்கொடுப்பான் இயல்

பொறியியல் கல்லூரி விடுதிகளில் செமஸ்டர் தேர்வுக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கு மேல், ஓர் அறை வாசலில் மட்டும் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே ஒருவன் லுங்கியோடு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பான். ஆறேழு பேர் தரையில் அமர்ந்து அவன் முகத்தையும் தங்கள் ஜெராக்ஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கட்டிலில் இருப்பவனைச் 'சொல்லிக்கொடுப்பான்' என்றும் தரையில் இருப்போரைக் 'கேட்பார்' என்றும் இக்கட்டுரை குறிக்கும். மகளிர் விடுதிகளிலும் இதே அமைப்பு உண்டு. அங்கே நொறுக்குத்தீனி கூடுதல் என்று கேள்வி. கல்லூரியில் தேறுவதற்கு அறிவுரை எழுதியோர் அனைவரும் விடியலில் எழு, அட்டவணை போடு, செல்போனைத் தள்ளி வை என்று தனி ஆளையே பிடித்துக்கொண்டார்கள். இந்த அறைக்குள் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. அக்குறை நீக்குதலே இவ்வாய்வின் பயன் என்க.

ஆய்வுக் களம், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள். விதிமுறை 2017ஆம் ஆண்டினது; கீழ்வரும் கணக்கெல்லாம் அதன்படியே. பாடம், மூன்றாம் செமஸ்டர் கணிதம். மாணவர் வழக்கில் 'எம் த்ரீ'. ஃபூரியர் தொடர் ஒரு யூனிட், ஃபூரியர் உருமாற்றம் இன்னொரு யூனிட் என்று ஒரே ஆள் இரண்டு இடங்களில் வந்து நிற்கும் பாடம் இது.

இங்கே நெடுங்காலமாக வழங்கிவரும் கோட்பாடு ஒன்று உண்டு: "ரெண்டு யூனிட் படிச்சா போதும் மச்சி, பாஸ் ஆயிடலாம்." சொன்னவர் யாரென்று தெரியவில்லை; பெரும்பாலும் அரியர் வைத்த சீனியராக இருக்கவேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வினாத்தாளில் 2 மதிப்பெண் வினாக்கள் 10, யூனிட்டுக்கு இரண்டு. 13 மதிப்பெண் வினாக்கள் 5, யூனிட்டுக்கு ஒன்று. கடைசியில் 15 மதிப்பெண்ணுக்கு ஒன்று. அது எந்த யூனிட்டிலிருந்து வரும் என்பது ஆண்டவனுக்கும் கேள்வித்தாள் எடுத்தவருக்கும் மட்டுமே வெளிச்சம். இரண்டு யூனிட்டைப் புள்ளி பிசகாமல் எழுதினால் 26, அதோடு 8, ஆக 34. எழுத்துத் தேர்வில் 45 எடுத்தாக வேண்டும். 11 குறைகிறது. அந்த 15 மதிப்பெண் வினாவும் நாம் படித்த யூனிட்டிலேயே வந்து விழுந்தால்தான் 49. இதை நம்பித் தேர்வெழுதப் போகிறவனுக்கு வேண்டியது ஹால் டிக்கெட் அன்று, குலதெய்வம்.

"ஒவ்வொன்றிலும் 'அ அல்லது ஆ' என்று சாய்ஸ் உண்டே?" எனின், உண்டு. ஆனால் இரண்டும் ஒரே யூனிட்டிலிருந்து வருவன. விட்ட யூனிட் விட்டதே. மூன்று யூனிட் படித்தவனுக்கோ 39, அதோடு 12, ஆக 51. அதை 80க்குச் சுருக்கினால் 40.8. இன்டர்னலில் 20க்கு 10 இருந்தால் மொத்தம் 50ஐத் தாண்டிவிடும். ஆகவே கோட்பாட்டில் 'ரெண்டு' என்றிருப்பதை 'மூணு' என்று திருத்தி வாசிக்க.

இனி, முந்தின இரவுதான் படிக்கவேண்டும் என்பாரும் உளர். இவர்கள் துணைக்கு அழைப்பது ஜெர்மனியின் ஹெர்மான் எபிங்ஹாஸை. பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தாமே மறந்து, அந்த மறதியை அளந்து 1885இல் நூலாக வெளியிட்டவர் அவர். (ஃபார்முலா மனப்பாடம் செய்வோரும் பொருளற்ற அசைகளைத்தான் செய்கிறார்கள், நூல் எழுதுவதில்லை, அவ்வளவே.) படித்ததில் பெரும்பங்கு முதல் சில மணி நேரத்திலேயே போய்விடுகிறது என்று அவர் கண்டார். செப்டம்பரில் படித்தாலும் மறந்துதானே போகும், எனவே நவம்பரில் படிப்போம் என்பது விடுதியார் முடிவு. அதே எபிங்ஹாஸ், ஒருமுறை படித்ததை இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் உழைப்பு குறைகிறது என்றும் கண்டார். அந்தப் பாதியை இவர்கள் மறந்துபோனது அவர் கொள்கைக்கே சிறந்த சான்று.

படிக்காமலே தேறும் வழியும் ஒருமுறை திறந்தது: 2020 ஆகஸ்டில் கொரோனா நோய்த்தொற்றை முன்னிட்டு, கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. அறிவித்த முதலமைச்சரை அரியர் மாணவர்களின் அரசனே என்று வாழ்த்திப் பேனர்கள் முளைத்தன. விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போயிற்று. அடிக்கடி கைகொடுக்கும் வழி அன்று; எனவே விரித்திலம்.

இப்போது நம் நூலுக்கு வருவோம். சீயகங்கன் கேட்டுக்கொள்ள, பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலை இலக்கண நூல் என்று நினைத்துத் தமிழ்த்துறைக்கு ஒதுக்கிவிட்டோம். அதன் பொதுப்பாயிரத்தில் ஒரு விடுதியே இருக்கிறது. மாணாக்கரை அன்னமும் பசுவும் தலை, மண்ணும் கிளியும் இடை, ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடை என்று பிரிக்கிறார். ஆடு ஒரு செடியையும் வயிறார மேயாமல் அடுத்ததற்குத் தாவும். மூன்று சீனியர்களின் நோட்ஸ், இரண்டு லோக்கல் ஆதர் புத்தகம், நானூறு பக்கப் பிடிஎஃப் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, எதிலும் பத்தாம் பக்கம் தாண்டாதவன் இவ்வகை. நெய்யரி நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது: 'இது எக்சாமுக்கு வராது' என்று ஆசிரியர் சொன்ன டெரிவேஷனை மட்டும் கச்சிதமாக எழுதி வைத்திருப்பவன்.

யாருக்குப் பாடம் சொல்லக்கூடாது என்றும் முனிவர் ஒரு பட்டியல் தருகிறார். குடிப்பவன், சோம்பேறி, தூங்குமூஞ்சி, காதல் மயக்கத்தில் இருப்பவன், சண்டைக்காரன் என்று அது நீள்கிறது. இதைக் கறாராகக் கடைப்பிடித்தால் விடுதியில் வார்டன் மட்டுமே மிஞ்சுவார். பழைய நூலைக் கண்டு அஞ்சித் தடுமாறுகிறவனும் அப்பட்டியலில் இருக்கிறான். பழைய ரெகுலேஷனில் அரியர் எழுதுபவனே அவன் என்பது எம் துணிபு.

நம் ஆய்வுக்கு உயிரான இடம் இதற்குப் பிறகு வருகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் புலமை கால் பங்குதான் வரும் என்கிறார் பவணந்தி. உடன் படிப்போரோடு பழகிப் பயில இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதே மீதி அரை. பல்கலைக்கழகமோ முக்கால் பங்கு வருகைப்பதிவு கேட்கிறது. முக்கால் கொடுத்துக் கால் வாங்குவது நட்டம் என்று வாதிடலாம். வாதிடுவோர் 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கவேண்டாம். அதற்குக் கீழே மஞ்சள் காமாலைச் சான்றிதழும் எடுபடாது.

அந்த அரைப் பங்கு எப்படி வருகிறது என்பதைக் கட்டிலருகே இருந்து கவனித்தால் தெரியும். சொல்லிக்கொடுப்பான் ஃபூரியர் கணக்கொன்றைச் சரளமாகப் போட்டுக்கொண்டு போகிறான். தரையிலிருந்து ஒரு குரல்: "மச்சி, காஸ் என் பை எப்படிடா மைனஸ் ஒன் பவர் என் ஆச்சு?" அவன் நிற்கிறான். இத்தனை நாளும் அவனே அதைக் கேட்டுக்கொண்டதில்லை. "அது அப்படித்தான்டா" என்று சொன்னால் அவன் வெறும் ஒப்பிப்பான். உண்மையான சொல்லிக்கொடுப்பான் ஜெராக்ஸைத் திருப்பி, பின்பக்கத்தில் ஓர் அலை வரைகிறான்: பூஜ்யத்தில் 1, பையில் மைனஸ் 1, இரண்டு பையில் மறுபடி 1. "ஒத்தைப்படைன்னா மைனஸ், ரெட்டைப்படைன்னா பிளஸ்." கேட்டவனுக்குப் பாதி புரிகிறது. வரைந்தவனுக்கு முழுக்கப் புரிந்துவிடுகிறது. மறுநாள் சூத்திரம் மறந்துபோனாலும் அந்த அலையை அவன் வரைந்துகொள்வான்.

வெளிநாட்டுச் சான்று கேட்பவர்களுக்காக: அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, பாராமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் முதல் குழு முந்தியது. ஒரு வாரம் கழித்து இரண்டாம் குழுவே முந்தியது. ஹால் வாசலில் கடைசி நிமிடம்வரை புரட்டுவோர் அந்த ஐந்து நிமிட வெற்றியை வைத்து ஆறுதல் அடைக.

"ஊருக்குச் சொல்லிக்கொடுத்தால் என் நேரம் போகாதா?" என்பது டாப்பர் கட்சியின் தடை. போகும். அவன் கதவைப் பூட்டிக்கொண்டு படித்து ஒன்பது புள்ளிக்கு மேல் வாங்குவதை இவ்வாய்வு மறுக்கவில்லை. ஆனால் இன்டர்வியூவில் 'இதைக் கொஞ்சம் விளக்குங்கள்' என்று கேட்கும்போது விளக்கிப் பழகியவன் வாய் தானாகத் திறக்கும். கட்டிலை ஒருவனே நான்கு ஆண்டும் பிடித்துக்கொள்வதுதான் இம்முறையின் கோளாறு. அரைப் பங்கு அவனுக்கே போகிறது. தரையில் இருப்போர் காலை வைத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

எனவே ஆறு பேர் சேர்ந்தால் ஆளுக்கொரு யூனிட் எடுத்து, முந்தின வாரமே முறைவைத்துக் கட்டிலில் ஏறுங்கள். யூனிட் ஐந்துதான், ஆறாவது ஆள் டீ வாங்கி வரட்டும். அடுத்த பேப்பருக்கு முதல் யூனிட்டை அவனுக்கே கொடுத்துவிடுங்கள்.