பயிற்சியும் பக்கத்து இருக்கையும்

கேள்வி: பவானிசாகரில் அரசு ஊழியர்களுக்கான அடிப்படைப் பயிற்சி முடித்து வந்த இளநிலை உதவியாளரும், கோப்பில் குறிப்பு எழுதப் பக்கத்து இருக்கைக்காரரைத்தான் கேட்கிறார். ஏன்?

பதில்: பவானிசாகர் அணையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நீச்சல் வந்துவிடுமா? விதிகளை உட்கார்ந்து கேட்டால் மட்டும் கோப்பு நகராது. வகுப்பிலேயே நிஜத் தபாலைக் கொடுங்கள்: பெயர் மறைத்த பட்டா மாறுதல் மனு ஒன்று. தன்பதிவேட்டில் பதியட்டும், குறிப்பு எழுதட்டும், மனுதாரருக்குப் புரிகிற தமிழில் பதில் வரையட்டும். தப்பை அங்கேயே திருத்துங்கள். 2020-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கர்மயோகி என்ற அரசு ஊழியர் பயிற்சித் திட்டம், பதவிக்கேற்ற திறனைக் கேட்கிறது, நல்ல திசை. ஆனால் காணொளிப் பாடம் முடித்த சான்றிதழ்களை எண்ணினால் போதாது. மூன்று மாதம் கழித்து, பயிற்சி பெற்றவர் மேசையில் மனுக்கள் எத்தனை நாள் தங்குகின்றன என்று பயிற்றுநரே போய்ப் பார்க்க வேண்டும். அடுத்த அணிக்கான பாடத்தை அதை வைத்துத்தான் மாற்ற வேண்டும்.