குறிப்பில் இல்லாத கேள்வி

கேள்வி: நிருபருக்கும் பி.ஆர்.ஓ.வுக்கும் என்ன வித்தியாசம் சார்?
- கல்லூரி மாணவி, மதுரை

பதில்: தாய்மாமனுக்கும் கல்யாணத் தரகருக்கும் உள்ள வித்தியாசம்தான். பையனுக்கு நல்ல வேலை, சொந்த வீடு என்பார் தரகர். அதில் பொய் இருக்காது. நல்லதை மட்டும் எடுத்து வைப்பது அவர் தொழில். வீட்டின் மேல் கடன் உண்டா என்று அந்தத் தெரு டீக்கடையில் விசாரிக்க வேண்டியவர் மாமன். தரகர் தந்த ஜாதகத்தோடு மாமன் திரும்பி வந்துவிட்டால், கண் கலங்கப் போவது பெண். செய்தியில் அந்தப் பெண்தான் வாசகர்.

கேள்வி: பிரஸ் நோட் கொடுக்கும் வழக்கம் எப்போது வந்தது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: முதல் செய்திக் குறிப்பு என்று சொல்லப்படுவது அமெரிக்காவில் ஐவி லீ கொடுத்தது. இவரே முன்னாள் நிருபர். 1906 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து ரயில் தண்ணீரில் விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். மூடி மறைப்பதே ரயில் கம்பெனிகளின் பழக்கம். கம்பெனி தரப்பில் இருந்த லீயோ நடந்ததை எழுதி நிருபர்களுக்குக் கொடுத்தார்; ‘நியூயார்க் டைம்ஸ்’ வரி மாறாமல் அச்சிட்டது. நல்ல ஆரம்பம். ஆனால் 1914-இல் கொலராடோவின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் எரிந்து பெண்களும் குழந்தைகளும் மாண்டபோது, அதே லீ சுரங்க முதலாளியான ராக்ஃபெல்லர் தரப்புக்காக எழுதினார். சங்கத் தலைவர்களின் சம்பளத்தைப் பல மடங்கு கூட்டிக் காட்டிய தப்புக் கணக்கும் அதில் இருந்தது. ஒரே கைதான் இரண்டையும் எழுதியது. அதனால்தான் எந்தக் கை எழுதினாலும் சரிபார்க்கச் சொல்கிறேன்.

கேள்வி: பி.ஆர்.ஓ.க்களில் நீங்கள் மதிப்பவர் உண்டா?
- வாசகர், கோவை

பதில்: பிலிம் நியூஸ் ஆனந்தன். 1958-இல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்காகத் தமிழ் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளர் ஆனவர். படங்களைப் பற்றிப் பேசவைப்பது அவர் வேலை. அதோடு நிற்காமல், எந்தப் படம் என்று வந்தது, யார் யார் வேலை செய்தார்கள் என்று வாழ்நாளெல்லாம் திரட்டி வைத்தார். தமிழ்த் திரை வரலாற்றை எழுத உட்காருகிறவர்களுக்கு அந்தச் சேகரம்தான் கைவிளக்கு. தகவலை மதிக்கிற பி.ஆர்.ஓ. நிருபருக்குப் பாதி பலம்.

கேள்வி: பிரஸ் மீட்டில் ‘கவர்’ வாங்குவது அவ்வளவு பெரிய தப்பா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: தப்புதான். உள்ளே ஐந்நூறு இருந்தாலும் ஐயாயிரம் இருந்தாலும், அது கேட்காமல் விட்ட கேள்விக்குத் தரும் விலை. இது வளர்ந்தால் காசுக்குச் செய்தி. 2009 தேர்தலில் அது பெருகியதை இந்திய பிரஸ் கவுன்சில் அடுத்த ஆண்டே ஆராய்ந்தது. 2011-இல், செய்தி வேடத்தில் வந்த விளம்பரச் செலவைக் கணக்கில் காட்டாத உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரைத் தேர்தல் ஆணையம் 3 ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது.

கேள்வி: எங்கும் பி.ஆர். மயம். தனி ஒரு நிருபரால் என்ன செய்ய முடியும்?
- இளம் நிருபர், சென்னை

பதில்: நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆயிரம் மரக்கன்று நட்டதாக ஒரு தொழிற்சாலையின் குறிப்பு வந்தது. போட்டோவோடு அப்படியே போட்டேன். ஒரு மாதம் கழித்து அந்த வழியாகப் போனவன் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தேன். கறுப்பு பாலித்தீன் பையைக்கூடக் கிழிக்காமல் குழியில் வைத்திருந்தார்கள். கன்றுகள் சருகாகி நின்றன. குறிப்பில் பொய் இல்லை தம்பி, விழா நடந்தது. யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று நான்தான் கேட்கவில்லை. அன்று முதல் எந்தக் குறிப்பு வந்தாலும், அதன் அடியில் பேனாவால் ஒரு கேள்வி எழுதி, பதில் கிடைத்த பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன். நீங்களும் இன்று வரும் முதல் குறிப்பிலேயே தொடங்குங்கள்.