உரசாமல் கேளுங்கள்!

கேள்வி: அமெரிக்காவில் அதிர்கிற ஃபுட்பால் பலகை என்று ஒரு பழைய விளையாட்டுச் சாமானுக்கு இப்போது ஆளாய்ப் பறக்கிறார்களாமே? அப்படி என்ன இருக்கிறது அதில்?
(விருதுநகர் வாசகர்)

பதில்: தகரப் பலகை, அடியில் கரண்ட்டில் நடுங்கும் ஒரு கருவி, மேலே பக்கத்துக்குப் பதினோரு பொம்மை வீரர்கள். சுவிட்சைப் போட்டால் பலகை 'டர்ர்' என்று உதறும். பொம்மைகள் காலடியில் உள்ள பிளாஸ்டிக் பிசிர்களால் நகர ஆரம்பிக்கும். நியூயார்க்கின் டியூடர் கம்பெனியில் நார்மன் சாஸ் என்பவர் 1949-ல் கொண்டுவந்தது. 1967-ல் அந்த நாட்டுத் தொழில்முறை அணிகளின் சட்டை நிறத்திலேயே பொம்மைகள் வந்தன. எந்த வீரனும் சொன்ன பக்கம் போகமாட்டான். ஒருவன் மூலையில் முட்டிக்கொண்டு நிற்பான், இன்னொருவன் நின்ற இடத்திலேயே சுற்றுவான். இத்தனை ஒழுங்கீனத்தையும் இன்று பரணில் தேடி எடுத்து, பெயின்ட் அடித்து, பிசிரை நிமிர்த்தி, போட்டியே நடத்துகிறார்கள் தாத்தாக்கள். பொம்மை பேச்சுக் கேட்காதது சின்ன வயதில் எரிச்சல். பேரன் பேச்சுக் கேட்காத வயதில் அதுவே ஆறுதல்.

கேள்வி: நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்படி மேஜை விளையாட்டு எதுவும் இருந்ததில்லையா?
(ஆனைக்குட்டம் வாசகர்)

பதில்: உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி? அர்ச்சுனா நதியில் அணை கட்டியும் தண்ணீருக்கு வானத்தைப் பார்க்கிற பூமி. பிழைப்பெல்லாம் பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். (தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்று கௌரவித்த ஒரே வட்டாரம் நாம்தான்.) விளையாட்டுச் சாமான் மட்டும் வேறெங்கிருந்து வரும்?

காலித் தீப்பெட்டியைப் பெஞ்சு விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைத்து, அடியிலிருந்து கட்டைவிரலால் ஒரு சுண்டு. படுத்து விழுந்தால் சைபர். உரசும் பக்கம் தரையில் பட நின்றால் பத்து. செங்குத்தாக நின்றுவிட்டால் ஐம்பதோ நூறோ, அது தெருவுக்கொரு சட்டம். இதில் கணக்கு வாத்தியாரே ஒளிந்திருந்தார். பெட்டிக்கு மூன்று விதப் பக்கங்கள். அகலமான பக்கத்தில் விழுவது சுலபம், ஆகவே மதிப்பில்லை. குறுகிய பக்கத்தில் நிற்பது அபூர்வம், ஆகவே நூறு. நிகழ்தகவு என்ற பாடம் பிற்பாடு புத்தகத்தில் வந்தபோது, அது நமக்குப் பழகிய முகமாகத்தான் இருந்தது. உள்தட்டில் மணல் போட்டு அடிப்பாகத்தைக் கனமாக்கிய பயல்களும் உண்டு. அவர்கள் எல்லாம் இப்போது எங்கே, எந்தக் கட்சியில் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று படம். மரப்பெட்டிக் காலத்தில் லேபிள் தனியாக அச்சாகிக் கையால் ஒட்டப்பட்டது. அதை நனைத்து உரித்துச் சேர்த்து, மண்ணில் வட்டம் கீறி நடுவில் அடுக்கிவிட்டு, தள்ளியிருக்கும் கோட்டிலிருந்து சில்லாக்கை (தட்டையான ஓட்டுச் சில்லை) எறிய வேண்டும். வட்டத்தைத் தாண்டிப் பறந்ததெல்லாம் எறிந்தவனுக்கு. சிகரெட் அட்டையை வைத்தும் இதே ஆட்டம்தான். ஒன்றைக் கவனியுங்கள்: மற்ற ஊரில் சிவகாசி லேபிளுக்கு மவுசு. இங்கே அது செல்லாக்காசு, பக்கத்து அச்சகக் குப்பையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். லாரி டிரைவர் வடக்கேயிருந்து கொண்டுவந்த அறியாத முகத்துக்குத்தான் இங்கே பத்துக்கு ஒன்று. அரிதானதுக்கே விலை என்பதை இங்கிருந்த பையன்கள் எட்டு வயதிலேயே அறிவார்கள்.

கேள்வி: தீப்பெட்டிப் படத்தில் அணில் முதலா, காகம் முதலா?
(திருத்தங்கல் வாசகி)

பதில்: இரண்டுக்கும் முன்னால் ஒரு ரயில் டிக்கெட். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923 வாக்கில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். ஜெர்மன் இயந்திரம் வாங்கிப் பார்த்து, அது இங்கே சரிப்படாமல், கைத்தொழிலாகவே பெருக்கினார்கள். பிறகு தனித்தனியானபோது ஒருவர் பக்கம் அணில், மற்றவர் பக்கம் காகம். பட்டாசு வந்ததும் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு மயில், காளீஸ்வரிக்குச் சேவல். எழுதப் படிக்கத் தெரியாதவரும் "அணில் ஒண்ணு குடு" என்று கேட்டு வாங்க வேண்டுமே. அதனால்தான் மழை குறைந்த இந்த ஊரில் இவ்வளவு பெரிய சரணாலயம்.

கேள்வி: வெளிநாட்டுத் தீப்பெட்டியில் நம்ம சாமி படம் இருந்ததென்று என் நண்பன் அளக்கிறான். புருடாதானே?
(சாத்தூர் வாசகர்)

பதில்: நண்பனிடம் மன்னிப்புக் கேளுங்கள். நம் ஊரில் தீப்பெட்டி செய்யத் தொடங்குமுன் ஸ்வீடனும் ஆஸ்திரியாவும் ஜப்பானும்தான் இங்கே விற்றன. வாங்குகிறவனுக்குப் பிடித்த படம் வேண்டும் என்பதால் கிருஷ்ணரையும் லட்சுமியையும் அங்கேயே அச்சடித்து அனுப்பினார்கள். சாமி கப்பலில் வந்து இறங்கியது. பிற்பாடு நம் பக்கத்திலேயே சாமி கிடைத்தது. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சில் காலண்டராகி, இந்தியா முழுக்கச் சுவரில் ஆணியடித்துத் தொங்கினார்கள்.

கேள்வி: பழைய லேபிள்களை லேமினேஷன் செய்து வைக்கலாமா?
(கோவில்பட்டி வாசகர்)

பதில்: ரேஷன் கார்டுக்குச் செய்யுங்கள். சூட்டில் மை மாறும், பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவும் முடியாது. தபால்தலை ஆல்பம் போதும், பசை வேண்டாம். பெட்டியிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டு, தானாகக் கழன்ற பிறகு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம். மை கரைகிறதா என்று முதலில் ஓர் ஓரத்தில் ஈர விரலை வைத்துப் பாருங்கள். அரசாங்க வரி முத்திரைத் தாள் ஒட்டிய பழைய பெட்டி கிடைத்தால் அதைத் தொடவே தொடாதீர்கள், அப்படியே முழுசாக வையுங்கள். தீக்குச்சிக்கு மத்திய கலால் வரி வந்தது 1934-ல். அந்தத் தாள்தான் பெட்டியின் பிறப்புச் சான்றிதழ்.

கேள்வி: பழைய லேபிள் என்று ஒருவர் பளபளக்கும் ஷீட் ஒன்றை நல்ல விலை சொல்கிறார்...
(சென்னை வாசகர்)

பதில்: அச்சகத்திலிருந்து வெட்டாமல் தப்பிய ஷீட் உண்மையிலேயே உண்டு. நேற்று ராத்திரி அச்சடித்துத் தேநீரில் முக்கிய ஷீட்டும் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: பழைய கல் அச்சில் நிறம் ஒழுங்கில்லாத பொடிமணலாய்த் தெரியும். இன்றைய அச்சில் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும். என்னைக் கேட்டால், ஓரத்தில் சில்லாக்கு பட்டுக் கிழிந்த ஒரு லேபிளைத்தான் வாங்குவேன். சந்தையில் அதற்குப் பாதி விலைதான், நமக்கு லாபம்.

கேள்வி: தாத்தா பெட்டியில் முப்பது, நாற்பது வருஷத்துப் பட்டாசு, லேபிளோடு இருக்கிறது. கண்ணாடி அலமாரியில் வைக்கட்டுமா?
(வெம்பக்கோட்டை வாசகர்)

பதில்: இந்த ஒரு பதிலில் சிரிப்பு இல்லை. வைக்காதீர்கள், ஆட்டாதீர்கள், லேபிளை உரிக்கவும் உட்காராதீர்கள். பட்டாசில் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவையை 1992-ல் தடை செய்தார்கள், ஏனென்றால் உரசினாலே அது வெடிக்கும். தாத்தா சேமித்தது அதற்கு முந்தியதாக இருக்கலாம். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். சேகரிப்புக்குக் காலி அட்டைப்பெட்டி போதும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் பீரோ நிறையத் தீப்பெட்டி சேர்த்து வைத்திருக்கிறார். என்ன செய்ய?
(ஏழாயிரம்பண்ணை வாசகி)

பதில்: காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். பீரோ அல்ல, பெட்டி.

கேள்வி: பழைய லேபிளைக் கொண்டாடுகிறீர்களே, அதை ஒட்டியது யார் கை என்று எழுதுவீர்களா?
(சிவகாசி வாசகி)

பதில்: எழுதுகிறேன். குரோசுக்கு 144 பெட்டி என்று எண்ணிக் கூலி வாங்கிய வீடுகளில் அம்மாவோடு பிள்ளைகளும் உட்கார்ந்து ஒட்டினார்கள். விடியுமுன் வந்த வண்டியில் ஏறி ஆபீஸுக்குக் கட்டையில் தீக்குச்சி அடுக்கப் போன பிள்ளைகளும் உண்டு. இத்தொழிலில் குழந்தைகளை வைக்கக் கூடாதென்று 1986-ல் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. ஆகவே "எங்கள் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் படம் வைத்து விளையாடினோம்" என்று யாராவது உருகினால் நம்பாதீர்கள். ஒருவன் வட்டத்தில் எறிந்த படத்தை, அதே வயதில் இன்னொருத்தி விரல் நுனியில் பசையோடு ஒட்டியிருப்பாள். சில பழைய லேபிள்கள் கோணலாக ஒட்டியிருக்கும். சேகரிப்பாளர்கள் அதைக் குறை என்பார்கள். நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: இப்போது ஏன் யாரும் படம் சேர்ப்பதில்லை?
(ராஜபாளையம் வாசகர்)

பதில்: அட்டைப்பெட்டி வந்ததும் படம் பெட்டியிலேயே அச்சாகிவிட்டது, உரிக்க ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு வேறு பெட்டி வந்தது, அது சட்டைப்பையில் அதிர்கிறது.

கேள்வி: ஸ்வீடனில் தீப்பெட்டிக்கு மியூசியமே இருக்கிறதாமே? நமக்கும் ஒன்று வைத்தால் என்ன?
(மதுரை வாசகர்)

பதில்: யோன்சோப்பிங் நகரில், பழைய தீப்பெட்டித் தொழிற்சாலைக் கட்டடத்திலேயே இருக்கிறது. நமக்கும் வைக்கலாம். கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்பதை மட்டும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள், கட்டடம் தானாக எழும்பும்.

கேள்வி: 2007-ல் ஒரு ரூபாயான தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. இன்றைய பெட்டி ஒன்றை ஐம்பது வருஷம் பத்திரமாக வைத்தால் லட்ச ரூபாய் பெறுமா?
(அருப்புக்கோட்டை வாசகர்)

பதில்: பெறலாம். மற்ற எல்லோரும் தூக்கி எறிந்தால்தான். நீங்களோ பத்திரிகையில் கேட்டுவிட்டீர்கள்!