நூறு வருஷத்துக்கு ஒரு நாள் குறைவு

ஊரெல்லாம் வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருக்க, கூட்டிச் சொன்னால் காசு கிடைக்கிற தொழில் எனக்குத் தெரிந்து பழம்பொருள் வியாபாரம் ஒன்றுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு வெற்றிலைப் பெட்டியைக் கையில் எடுங்கள். எடுக்கும்போது அதற்கு 80 வயது. மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தால் 100. "நல்லா இருக்கே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் 150. கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினால், "அக்கா, நில்லுங்க, ஒரு விலை சொல்லிட்டுப் போங்க" என்ற குரல் வரும். பெட்டியும் மறுபடி வாலிபத்துக்குத் திரும்பும்.

இந்த வயதேற்றத்துக்கு ஒரு வேகத்தடை உண்டு. 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம். சிலை, ஓவியம், கைவினைப் பொருள் எதுவானாலும் 100 வருஷம் ஆகிவிட்டால் அது தொல்பொருள். ஏட்டுச் சுவடி வகையறாவுக்கு 75 போதும். தொல்பொருளை விற்பதற்கு உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே வாசலில் நின்று விலை கேட்கும்போது 200 வயதாக இருந்த மரக்குதிரை, பில் போடும் மேசைக்கு வருவதற்குள் அலங்காரப் பொருளாகிவிடும். "சட்டப்படி பார்த்தா 99 வருஷம், 11 மாசம் அக்கா" என்று ஒருவர் என்னிடம் கூசாமல் சொன்னார். வெளிநாட்டுக்கு எடுத்துப்போக ஆசைப்பட்டாலோ, 'இது தொல்பொருள் அன்று' என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கவேண்டும். பழசு என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்து விற்ற அதே பொருளைப் புதுசு என்று அரசாங்கத்திடம் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இரண்டிலும் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள்.

கடையே வேண்டாம், நேராக மண்ணைத் தோண்டிப் புதையலே எடுத்துக்கொள்கிறேன் என்பவர்களுக்கு 1878-இல் போட்ட புதையல் சட்டம் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். 1878-இல் பத்து ரூபாய் என்றால் கலெக்டரே எழுந்து நின்றிருப்பார். இன்று அதற்குள் அடங்குகிற புதையல் எதுவென்று என் கணவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஆமவடைகூட வராதே" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றபிறகு பழம்பொருள் வாங்கி விற்கிறவள். கழித்தல் நன்றாக வரும் என்பதே இந்தத் தொழிலுக்கு என் தகுதி. மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் இட்லி நேரத்துக்குக் காரைக்குடி. கணவர் கார் ஓட்டுவார், பேரம் பேசமாட்டார். கேட்ட விலையைக் கொடுத்துவிடக்கூடியவர் என்பதால் அவரைக் காரிலேயே இருத்திவிட்டுத்தான் நான் இறங்குவது.

அந்தப் பழம்பொருள் தெரு காரைக்குடியில் அமைந்ததற்குக் காரணம் சுற்றிலும் இருக்கிற நகரத்தார் வீடுகள். பர்மா, மலேயா, இலங்கை என்று போய் லேவாதேவி செய்து, அங்கிருந்து பணத்தையும் பர்மாத் தேக்கையும் கொண்டுவந்து, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று இழைத்துக் கட்டியவை. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான். நகரத்தார் கையில் கிடைத்ததோடு ஊர் திரும்பினார்கள். வீடு நின்றது, வருமானம் நின்றுபோனது. அப்புறம் தலைமுறை தலைமுறையாகப் பங்காளிகள் பெருகினார்கள். ஒரு வீட்டுக்கு ஏகப்பட்ட பங்கு என்றானபிறகு தேக்குத் தூணை எப்படிப் பிரிப்பது? விற்றுத்தான் பிரிக்கமுடியும். தூணும் நிலைக்கதவும் மாடவிளக்கும் தெருவுக்கு வந்தது அப்படித்தான்.

பாத்திரங்கள் வந்த கதை இன்னும் ருசியானது. அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்குச் சீராக வைத்த சாமான்களைக் கொண்டு ஒரு கிராமமே ஒரு வாரம் சமைத்துச் சாப்பிடலாம். பித்தளை, வெண்கலம், வெள்ளி, எனாமல் என்று அடுக்கி, கல்யாணத்தன்று பரப்பிக் காட்டிவிட்டு, சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பாதிக்கு மேல் அடுப்பையே பார்த்ததில்லை. எனாமல் சட்டி ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் 'கொக்கும்ஸ், சுவீடன்' என்று முத்திரை இருக்கும். சுவீடனில் பிறந்து, பர்மா வட்டிப் பணத்தில் வாங்கப்பட்டு, காரைக்குடியில் இருட்டறையில் வளர்ந்து, இப்போது பெங்களூரில் ஏதோ ஓட்டல் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது. குழம்பு என்றால் என்னவென்று அதற்குக் கடைசிவரை தெரியாது.

ஆனால் என் கண் முதலில் தேடுவது வெள்ளைக்காரன் முத்திரையை அல்ல, நம் பாத்திரக்கடைக்காரர் வெட்டிக்கொடுத்த பெயரை. பெயர் வெட்டாத பாத்திரத்தைத் தமிழர்கள் தம் பாத்திரமாகவே மதிப்பதில்லை. யார், யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று எல்லாமே கழுத்தில் இருக்கும். கடைக்காரர் சொல்லும் வயதை நான் கேட்டுக்கொள்வேன், கழுத்து சொல்லும் வயதை நம்புவேன். சின்ன உளியால் தட்டித் தட்டிப் புள்ளிகளாக வெட்டிய எழுத்து பழசு. மின்சார எந்திரம் வந்தபிறகு எழுத்து ஒரே இழுப்பில் குறுகுறுவென்று ஓடியிருக்கும். 1920 என்று தேதி போட்ட அண்டாவில் எந்திர எழுத்து ஓடினால், அண்டா பொய் சொல்லவில்லை, அண்டாவை வைத்திருப்பவர் சொல்கிறார்.

ஒரு முறை ஒரு சொம்பு கிடைத்தது. கழுத்தில் 1951 திருமண அன்பளிப்பு. அதற்குக் கீழே, வேறொருவர் பெயரில், 1958 காதணி விழா. அடிப்பாகத்தில் மூன்றாமவர் 1964-இல் புதுமனை புகுவிழாவுக்குக் கொடுத்திருக்கிறார். மூன்று குடும்பத்தாரும் வாயாரப் பாராட்டி வாங்கி, பரணில் ஏற்றி, அடுத்த அழைப்பிதழ் வந்ததும் இறக்கியிருக்கிறார்கள். ஒரு கீறல் இல்லை. அதை வாங்கிய சென்னைத் தம்பதிக்கு அந்த மூன்று பெயரும்தான் பிடித்தது. சொம்புக்குக் கொடுத்த விலையில் ஒரு தாய்மாமனும் இரண்டு சித்தப்பாவும் இலவசமாகக் கிடைத்த மாதிரி.

மதிப்பீட்டுக்கு எங்கள் வீட்டில் ஒரு துறையே இருக்கிறது. என் மாமியார். வயது 83. எதை வாங்கி வந்தாலும் திண்ணையில் அவர் முன்னால் வைத்துவிட வேண்டும். "இதுக்கு நூறு வருஷமா? நான் வயசுக்கு வந்தப்பகூட இது கிடையாதே" என்றார் என்றால் வழக்கு முடிந்தது, மேல்முறையீடு கிடையாது.

பித்தளைப் பூ வைத்த கிராமபோன் ஒன்றைத் தெரிந்தவர் ஒருவர் வாங்கிக்கொண்டு பெருமையோடு காட்ட வந்தார். பளபளவென்று குழல். பெட்டியில் எச்.எம்.வி. நாய், கொஞ்சம் நரிச் சாயலில். அத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "எங்க ஊர்ப் பண்ணையார் வீட்டுல இருந்தது வெறும் பெட்டி. மூடினா கையில தூக்கிட்டுப் போயிரலாம். இந்தப் பூவை நான் சினிமாவுலதான் பாத்திருக்கேன்" என்றார். உண்மையில் விஷயம் அதுவேதான். அவர் சொல்கிற சூட்கேஸ் மாடல்கள் ஒரு காலத்தில் நம்மூரில் நிறையப் புழங்கின. அவற்றின் மோட்டாரைக் கழற்றி, புது மரப்பெட்டியில் பொருத்தி, புதுக் குழலை மாட்டி, நாயை ஒட்டிவிட்டால் பாட்டன் சொத்து தயார். வந்தவர் காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்தது ரவிவர்மா. தமிழ்நாட்டில் கண்ணாடிச் சட்டம் போட்ட சாமி படம் எல்லாமே ரவிவர்மாதான். அவர் 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார், பிறகு அது லோனாவ்லா பக்கம் மளவ்லிக்குப் போனது, வர்ணத்துக்கு ஒரு கல் வீதம் வைத்துக் கல்லச்சில் அடித்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கல்லச்சுப் படத்தில் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். பின்னால் வந்த ஆப்செட் அச்சில் புள்ளிகள் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு நிற்கிற பிள்ளைகளைப்போல வரிசை கட்டி நிற்கும். என்னிடம் ஒருவர் காட்டிய ரவிவர்மா முருகனின் கன்னத்தில் அப்படியே கோவில்பட்டி தெரிந்தது. அங்கே காலண்டர் படங்கள் வரைந்த கொண்டையராஜுவின் பாணி. ரவிவர்மா 1906-இல் காலமானபோது கொண்டையராஜுவுக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை என்று கழித்துச் சொன்னேன். "அப்ப சிஷ்யனா இருந்திருப்பார் டீச்சர்" என்றார். இதில் எனக்கு உள்ளபடியே வருத்தம் உண்டு. கொண்டையராஜு காலண்டர் தன் பெயரிலேயே தேடி வாங்கத்தக்கது. அடியில் ஏதாவது ஜவுளிக்கடைப் பெயரும் தேதித்தாள் கிழித்த மிச்சமும் இருந்தால் நான் இன்னும் கூடுதலாகவே கொடுப்பேன். அதைக் கத்தரித்துவிட்டு ரவிவர்மா ஆக்குகிறார்களே!

பழசாக்குவதும் ஒரு கைத்தொழில்தான். பித்தளையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு எருக்குழியில் புதைப்பார்கள். காகிதத்துக்கு டீ டிகாஷன் குளியல். மரத்துக்கு ஆணியால் குத்திச் செல்லரித்த ஓட்டை. ஒரு பெட்டியில் அந்தப் பூச்சி ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோட்டில் நடந்து போயிருந்தது. அதே பெட்டி மருது பாண்டியர் காலத்தது என்றார் கடைக்காரர். மருது பாண்டியர்களைத் தூக்கிலிட்டது 1801-இல். பெட்டியின் கீலில் இருந்ததோ நான்கு முனை ஸ்டார் ஸ்க்ரூ. அது அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்ததே 1930-களில். சுட்டிக்காட்டினேன். "கீல் மட்டும் மாத்துனது அக்கா" என்றார். அந்தப் பதிலுக்கு மேல் எந்த ஆராய்ச்சியும் போக முடியாது.

இதெல்லாம் கண்ணியமான பொய்கள். ராத்திரியில் போன் செய்கிறவர்கள் வேறு ரகம். "ரைஸ் புல்லர் இருக்கு மேடம், கோபுரக் கலசம், இரிடியம், அரிசியை இழுக்கும், நாசாவுல வாங்குறாங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். சேர்த்த பணத்தையெல்லாம் இதில் தொலைத்தவர்களைப் பற்றிப் பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அரிசியில் இரும்புத்தூளும் கலசத்தில் காந்தமும் இருந்தால் அரிசி வராமல் என்ன செய்யும்? இன்னொரு கோஷ்டி கிழக்கிந்தியக் கம்பெனி 1818-இல் அடித்த ராமர் பட்டாபிஷேகக் காசு என்று படம் அனுப்பும். கம்பெனி அப்படியொரு காசை அடித்ததே கிடையாது. ரைஸ் புல்லர் போன் வந்தால் இப்போதெல்லாம் கணவரிடம் கொடுத்துவிடுகிறேன். "எங்க வீட்ல ரைஸ் இழுக்க எம் பையன் இருக்கான்" என்று சொல்லி வைத்துவிடுவார்.

வாங்குவதைவிட விற்பதில் வேடிக்கை அதிகம். பல்லாங்குழியில் முந்திரி, திராட்சை வைக்கிறார்கள். அஞ்சறைப் பெட்டியில் கம்மல். ஆட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் மிதக்கவிடுகிறார்கள். ஏழாவது மாடிக்கு ஆட்டுக்கல்லைக் கேட்ட ஒருவருக்கு, லிப்டில் ஆள் குறைத்து இரண்டு நடையாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஒரு பெண் என்னிடம் வாங்கிய வெண்கலப் பாத்திரத்தைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்து, அதில் பழ சாலட் நிரப்பி, சுற்றிலும் விருந்தாளிகள் சிரிக்க, படம் எடுத்து அனுப்பினார். விற்கும்போதே படிக்கம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அந்தப் பெயர் அவருக்கு ரொம்ப அழகாகத் தோன்றியிருக்கிறது. வெற்றிலை எச்சில் துப்புகிற பாத்திரம் என்று விளக்குவதற்கு நான் வாயெடுப்பதற்குள், "தாத்தா வீட்ல பாயசம் இதிலதான் வைப்பாங்களாம்" என்று யாரோ பின்பாட்டு வேறு பாடிவிட்டார்கள். அழகாக இருக்கிறது என்று மட்டும் பதில் போட்டேன். அத்தை அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து யார் வீட்டு விருந்துக்கும் வருவதில்லை.

அத்தைக்கும் எனக்கும் இந்தத் தொழிலில் ஒரே ஒரு தகராறு. எவர்சில்வர் வந்த புதிதில் வீட்டுப் பித்தளையையெல்லாம் எடைக்குப் போட்டு மாற்றியவர்களில் அவரும் ஒருவர். எவ்வளவு பெரிய நஷ்டம் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "நீயா புளி போட்டுத் தேய்ச்சே? நீயா வருஷா வருஷம் ஈயம் பூசறவனைத் தேடி ஓடுனே? கறுத்துப்போன குடத்தைப் பாத்து அழகா இருக்குங்கிறே. அது அழகில்லைம்மா, யாரோ தேய்க்காம விட்டிருக்கா" என்றார். பழமையின் பெருமையை எழுதுகிறவர்களில் கைவலி கண்டவர்கள் குறைவு என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது.

போன மாதம் பித்தளைக் குடம் பார்க்க ஓர் இளம் ஜோடி வந்தது. குடங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் கண் அத்தையின் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் தூக்குச் சட்டியில் நின்றுவிட்டது. கனமான தகடு, ஒடுங்கிய வாய், கழுத்தில் உளியால் புள்ளி வைத்து வெட்டிய அத்தையின் பெயர். "பாட்டி, இது கிடைக்குமா? இந்த மாதிரி விண்டேஜ் எவர்சில்வர்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவர்களிடம், "இதை நான் ரெண்டு பித்தளைக் குடம் போட்டு வாங்குனேன். ரெண்டு குடம் குடுத்துட்டு எடுத்துக்குங்க" என்றார்.

அந்தப் பையன் என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, ரெண்டு குடம் என்ன விலை?" என்றான். சொன்னேன். பேரமே பேசாமல் கொடுத்தான். குடங்கள் இரண்டும் என் கையிலிருந்து அவன் கைக்குப் போய், அங்கிருந்து அத்தையின் காலடிக்கு வந்தன. தூக்குச் சட்டி காரில் ஏறியது.

அவர்கள் போனதும், குடத்தை எடுத்து உள்ளே வைக்கலாமென்று குனிந்தேன். "அது என் குடம்" என்றார் அத்தை. "வேணும்னா விலை பேசு. நூறு வருஷத்துக் குடம்னு நீதானே அந்தப் பிள்ளைங்ககிட்டச் சொன்னே?"