மினிமம் எவ்வளவு?

திறமூல மென்பொருளில் நிரல் எழுதும்போது சண்டை வருவதில்லை. அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதே இல்லை. பில்ட் கோப்பின் முதல் வரியில்தான் சண்டை. நிரலை மென்பொருளாகக் கட்டும் (பில்ட்) கருவியான சிமேக்கைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த வரியைத் தெரியும். 'சிமேக் மினிமம் ரிக்வயர்ட்' என்று ஆரம்பித்து அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணோடு முடியும். இந்த மென்பொருளை பில்ட் செய்ய வேண்டுமானால் உங்கள் கணினியில் குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு சிமேக் இருக்க வேண்டும் என்பதுதான் அந்த எண்.

அந்த ஓர் எண்ணுக்காக சேலையூரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, சிட்லபாக்கத்திலிருந்து ஓர் இளைஞர், பெருங்களத்தூரிலிருந்து கல்லூரி மேடம், முடிச்சூரிலிருந்து நான் எனக் கிளம்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேற்குத் தாம்பரத்து ஓட்டல் ஒன்றில் ஒரு மேசையை மடக்கிப்போட்டு உட்கார்ந்திருந்தோம். காபி ஆளுக்கு ஒன்று. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை என்பதால் சர்வர் எங்களைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டாம்.

நாங்கள் செய்வது பெரிய மென்பொருள் ஒன்றும் இல்லை. டிஸ்கி, டாப், பாமினி என்று பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த தமிழை யூனிகோடுக்கு மாற்றும் சின்னக் கருவி. டாப் 1999இல் தமிழக அரசே அறிவித்த தரம். 2010இல் அதே அரசு யூனிகோடுக்கு மாறிவிட்டது. ஆனால் இடையில் அடித்துச் சேர்த்த மனுக்களும், கல்யாணப் பத்திரிகைகளும், கோயில் மலர்களும் மாறவில்லை. அவை இன்றும் 'jkpo;' என்பது மாதிரி பல்லை இளித்துக்கொண்டு ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன.

சிமேக்கின் பூர்வீகம் இன்னும் விசேஷம். 2000ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க் மாகாணத்தில் உள்ள கிட்வேர் நிறுவனம், மருத்துவப் படங்களை அலசும் ஐடிகே என்ற நிரல் தொகுப்புக்காக இதைச் செய்தது. பணம் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்துடையது. லினக்ஸ், விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் ஒரே கோப்பை வைத்து பில்ட் செய்ய வேண்டும் என்பது அவர்கள் தேவை. பின்னால் கேடிஇ மாதிரி பெரிய திட்டங்கள் வந்து சேர்ந்தன, அதன் பின்னால் உலகமே வந்தது, கடைசியில் பாமினியை மாற்ற நாங்களும் வந்தோம்.

எங்கள் கோப்பில் முதல் வரியில் இருந்த எண் 2.8. எழுதியவர் கனடா போய்விட்டார். 2.8 வெளிவந்தது 2009இல். ஏன் அந்த எண் என்று கேட்டதற்கு, ஏதோ பாடத்தில் அப்படி இருந்தது என்று பதில் எழுதினார். உலகத்தில் பாதிப் பேர் 2.8 போட்டதற்குக் காரணம் இதுதான் என்பது என் கட்சி.

இந்த 2.8க்கும் தாம்பரம் ஆட்டோவுக்கும் நெருங்கிய சொந்தம். 2013இல் அரசு நிர்ணயித்த கட்டணப்படி முதல் 1.8 கிலோமீட்டருக்கு மினிமம் 25 ரூபாய். தாள் இருக்கிறது, எண் இருக்கிறது, மீட்டரும் இருக்கிறது. ஆனால் ஸ்டேஷன் வாசலில் நின்று 25 ரூபாய்க்கு ஆட்டோ ஏறிய மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் 2.8ம் அப்படித்தான். அடுத்த சில வரிகள் தள்ளி, சி++ 17 வேண்டும் என்று எங்கள் கோப்பே கேட்கிறது. அந்த 17 என்ற எண்ணைப் புரிந்துகொள்வது சிமேக் 3.8லிருந்துதான். 2.8 வைத்திருப்பவர் வந்தால் முதல் வரி அவரை மரியாதையாக உள்ளே விடும். நாலு வரி தள்ளிப் போனதும், புரியாததை சிமேக் சத்தமில்லாமல் விட்டுவிடும். அப்புறம் கம்பைலர் பக்கம் பக்கமாகத் திட்டும். திட்டு வாங்குகிறவர் எங்களுக்கு மெயில் எழுதுவார்.

சிட்லபாக்கத்துத் தம்பி ஆர்ச் லினக்ஸ்காரர். அவர் கணினியில் எதுவுமே ஒரு வாரத்துக்கு மேல் பழசாவதில்லை. "அண்ணா, பேசாம நாலு போடுங்க. நாலு வந்தாச்சு" என்றார்.

மேடம் காபி டபராவைக் கீழே வைத்தார். "எங்க லேப்ல உபுண்டு 18.04. அதுல சிமேக் 3.10. நீங்க நாலு போட்டா என் பசங்க புராஜெக்ட் அன்னிக்கே முடிஞ்சிடும்."

"பிப்ல போட்டுக்கலாமே மேடம்? ஒரே வரி கமாண்ட். புது சிமேக் வந்துடும்."

"வரும். அதுக்கு இன்டர்நெட் வேணும். லேப்ல பிராக்ஸி. பிராக்ஸி பாஸ்வேர்டு லேப் அசிஸ்டென்ட்கிட்ட இருக்கு. அவர் லீவு."

"18.04க்கு 2023 மே மாசத்தோட சாதாரண சப்போர்ட்டே முடிஞ்சு போச்சு மேடம்."

"அது லேப் அசிஸ்டென்ட்டுக்கு யாரும் சொல்லலை."

வங்கி அதிகாரி சார் இதுவரை பேசவில்லை. பழைய கோப்புகளைத் தேடிக் கொண்டுவந்து சோதித்துத் தருவது அவர் பங்கு. எங்களில் உருப்படியான வேலை செய்கிறவர் அவர் ஒருவர்தான். "ஒரு சந்தேகம். முன்னாடி உபுண்டு 16.04ல 3.5ன்னீங்க. 18.04ல 3.10ங்கறீங்க. மூணரை பெரிசா, மூணு புள்ளி ஒண்ணு பெரிசா? புதுசு வாங்கினா நம்பர் ஏன் குறையுது?"

அது தசமப் புள்ளி இல்லை சார், புள்ளிக்கு அந்தப் பக்கம் தனி எண், ஐந்துக்குப் பிறகு ஆறு, ஒன்பதுக்குப் பிறகு பத்து என்று விளக்கினோம். அவர் டிஷ்யூ பேப்பரில் எழுதிப் பார்த்தார். 20.04ல் 3.16, 22.04ல் 3.22, 24.04ல் 3.28. பிறகு, "3.9க்கு அப்புறம் நியாயமா 4 வந்திருக்கணும். 3.31 வரைக்கும் இழுத்திருக்கான். எங்க பேங்க்ல லெட்ஜர்ல இப்படி எழுதினா ஆடிட்ல நிக்க வெச்சுக் கேட்டிருப்பான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வடைக்கு ஆர்டர் கொடுத்தார். சர்வர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இப்படிப்பட்ட வாதம் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தம் குரோம்பேட்டை. அங்கே எம்ஐடி வளாகம். அப்துல் கலாமும் சுஜாதாவும் படித்த இடம். அதே வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் சி-டாக் சென்னைக் கிளையும் சேர்ந்து 2005இல் திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அங்கிருந்து டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007இல் வந்தது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது விண்டோஸ் பக்கத்திலேயே பாஸும் ஏறியது. உலகத்தில் எத்தனை அரசாங்கங்கள் பிளஸ் டூ முடித்த பிள்ளையின் கையில் லினக்ஸைக் கொடுத்திருக்கின்றன என்று யோசித்தால் எனக்கு இன்றும் காலர் தூக்கத் தோன்றும்.

அந்த மடிக்கணினிதான் என் வாதத்தின் அஸ்திவாரம். முடிச்சூர் சாலையில் எனக்குத் தெரிந்த ஒரு டைப்பிங் கடைக்காரர் இன்னும் அதில்தான் வேலை செய்கிறார். பாமினிக் கோப்புகள் மலை மாதிரி வைத்திருப்பவர். எங்கள் கருவி யாருக்காக என்று கேட்டால் அவருக்காக. அவரிடம் இருக்கும் பாஸ் எந்தக் காலத்து டெபியனோ, அதில் எந்தக் காலத்து சிமேக்கோ. "அவரை விட்டுட்டு எந்த எண்ணைப் போட்டாலும் அது அநியாயம்" என்று நான் உணர்ச்சிவசப்பட்டேன். மேடம் தலையசைத்தார். தம்பி மட்டும், "சரிண்ணா, போய்ப் பாத்துடலாம். பக்கத்துலதானே?" என்றார்.

போனோம். மடிக்கணினியின் மூடியில் முதல்வர் படம் பாதி உரிந்திருந்தது. பேட்டரி போய்விட்டதால் ஒயரைப் பிடுங்கினால் உயிர் போகும். கீபோர்டில் எழுத்துகள் அநேகமாக எல்லாம் அழிந்திருந்தன, அவருக்கு அவை தேவையும் இல்லை. ஆனால் கீழ் அம்புக்குறிச் சாவி மட்டும் இடத்திலேயே இல்லை, ரப்பர் மொட்டு மட்டும் தெரிந்தது. லினக்ஸில் எந்த வெர்ஷன் வைத்திருக்கிறீர்கள் என்று தம்பி கேட்டார்.

"லினக்ஸா? ஆன் பண்ணா கறுப்பா ஒரு லிஸ்ட் வருமே, அதுல மேல நிக்குமே, அதா சார்? கீழ விண்டோஸுக்குப் போறதுக்கு அந்த பட்டனை அமுக்கி அமுக்கிதான் அதுவே கழண்டு வுழுந்துடுச்சு. நீங்க பென்டிரைவ்ல போட்டுக் குடுங்க சார், டபுள் கிளிக் பண்ணா ஓடணும். எனக்கு அது போதும்."

தம்பி என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். நல்ல பிள்ளை.

ஆக, யார் பெயரைச் சொல்லி 2.8ஐக் காப்பாற்ற நினைத்தேனோ, அவர் வாழ்நாளில் எதையும் கம்பைல் செய்யப்போவதில்லை. அவருக்கு வேண்டியது தயாரான விண்டோஸ் கோப்பு. சிமேக் எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது நிஜமாகவே கம்பைல் செய்கிறவர்களுக்காக. எங்கள் வட்டாரத்தில் அது மேடத்தின் மாணவர்கள், தம்பி போன்றவர்கள், இரண்டு மூன்று டிஸ்ட்ரோ பேக்கேஜ்காரர்கள். இவர்களில் மிகப் பழையதை வைத்திருப்பது மேடத்தின் லேப். 3.10.

அப்படிப் பார்த்தபோதுதான் நிஜத் தகராறு எங்கே என்று தெரிந்தது. சோதனைகளுக்கான கூகுள்டெஸ்ட்டைத் தானாக இறக்கிக்கொள்ள தம்பி ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த வரியில் இருந்த கட்டளை சிமேக் 3.14லிருந்துதான் உண்டு. மொத்தக் கோப்பிலும் 3.10ஐத் தாண்டிக் கேட்ட வரி அது ஒன்றுதான். சோதனை வேண்டுமென்றால் மட்டும் அந்த வரி ஓடும்படி ஒரு நிபந்தனைக்குள் வைத்தோம். லேப் பிழைத்தது. தம்பிக்கும் கௌரவக் குறைவில்லை.

முதல் வரியில் உள்ள எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சிமேக் தன் பழைய வழக்கங்களைத் திடீரென்று மாற்றுவதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு பாலிசி என்று எண் போட்டு வைத்திருக்கிறது. நீங்கள் 2.8 என்று எழுதினால், 4.0 வரும்வரை புத்தம்புதிய சிமேக்கும் அதற்குப் பின் வந்த பாலிசிகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பழைய மாதிரியே நடந்துகொண்டது. இதற்கு ஒரு நாள் முடிவு வரும் என்று எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. 2020இல் 3.19, 2.8.12க்குக் கீழே எழுதியவர்களை எச்சரித்தது. 2023இல் 3.27, 3.5க்குக் கீழே எழுதியவர்களை. பில்ட் ஓடும்போது வரும் எச்சரிக்கையைப் படித்தவர் யார்? 2025 மார்ச்சில் 4.0 வந்து, 3.5க்குக் கீழே என்றால் இனி கிடையாது என்று கதவைச் சாத்தியது. உலகெங்கும் நேற்றுவரை ஓடிய பில்டுகள் சிவப்பாகின. நிரலில் ஒரு குறையும் இல்லாத எத்தனையோ திட்டங்கள் இதில் மாட்டின. அதிகமாகக் கேட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனால் போகிறது என்று குறைவாகக் கேட்ட நல்லவர்கள்தான் நடுத்தெருவில் நின்றார்கள்.

2024இல் வந்த 3.31 இப்போது 3.10க்குக் கீழே எழுதினால் எச்சரிக்கிறது. லேப் கேட்டதும் 3.10, சிமேக் கேட்டதும் 3.10. எங்கள் கோப்பில் இப்போது 3.10, மூன்று புள்ளி, 3.31 என்று இருக்கிறது. குறைந்தபட்சம் 3.10 போதும், ஆனால் 3.31 வரையிலான புது வழக்கங்கள் எங்களுக்குச் சம்மதம் என்று அதற்குப் பொருள். இந்த எழுத்துமுறை 3.12இல்தான் வந்தது என்றாலும், பழைய சிமேக் முதல் எண்ணை மட்டும் படித்துவிட்டு மீதியைக் கண்டுகொள்ளாது. 18.04 கண்டெய்னர் ஒன்றில் ஒவ்வொரு மாற்றத்தையும் பில்ட் செய்து பார்த்த பிறகுதான் இப்போது சேர்க்கிறோம். டைப்பிங் கடைக்காரருக்கு பென்டிரைவ் போய்விட்டது. டபுள் கிளிக் செய்தால் ஓடுகிறது, ஐகான் மட்டும் சின்னதாக இருக்கிறதாம்.

உங்களிடம் சிமேக் திட்டம் ஏதாவது இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு அதன் முதல் வரியைப் பாருங்கள். 3.5க்குக் கீழே ஓர் எண் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். மாற்றும் முன் அந்தப் புது எண்ணில் ஒரு தடவை பில்ட் செய்து பாருங்கள்.