கேள்வி ஞான மாஷ்

கொச்சி மட்டாஞ்சேரியிலே, 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூத ஜெபாலயத்துக்கு இட்டுச் செல்லும் ஜூ டவுன் தெருவில், சுக்கும் மிளகும் மணக்கும் பழைய கிட்டங்கியொன்றின் மாடியிலிருந்து சாயங்கால வேளையில் ஓர் ஆர்மோனியம் முனகத் தொடங்குமானால், நமது மாஷ் துருத்தியில் கை வைத்துவிட்டார் என்று அறிக. இவர் யாருக்கும் ஒன்றும் கற்பித்ததில்லை. ஆயினும் ஊரார் இவரை மாஷ், அதாவது வாத்தியார், என்றே அழைக்கிறார்கள். இவருக்கும் யாரும் ஒன்றும் கற்பித்ததில்லை என்பதே எண்பது வயதைத் தாண்டிய இவருடைய பிரதான கௌரவம்.

"எல்லாம் கேள்வி ஞானம்!" என்று காதைத் தொட்டுக் காட்டுவார். அந்தக் காதுக்கு விவேகம் கிடையாது, விசுவாசம் மட்டுமே உண்டு. பால்யத்தில் தேநீர்க் கடைக் கிராமபோனில் கேட்ட பாட்டுகளை, கீறல் விழுந்த இடத்தில் ஊசி மூன்று தரம் துள்ளியதானால் தாமும் மூன்று தரம் துள்ளி, அட்சரம் பிசகாமல் வாசிப்பார். அதை ஏதோ அபூர்வமான சங்கதி என்று எண்ணித் தலையாட்டிய ரசிகர்களில் அடியேனும் ஒருவன். அக்காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் பெரும்பாலும் மூன்றரை நிமிஷத்துக்குமேல் ஓடாதாகையால், எத்தனை கம்பீரமான ராகமாயினும் இவரிடம் மூன்றரை நிமிஷத்தில் முக்தி அடைந்துவிடும். 1902-இல் கல்கத்தாவில் பதிவு கொடுத்த பாடகி கௌஹர் ஜான், தட்டு அச்சாகும் ஜெர்மனியிலுள்ளவர்களுக்குப் பாடியவர் இன்னார் என்று தெரிய வேண்டி, முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வதுண்டு. மாஷ் அதையும் விட்டுவைக்கவில்லை. நரைத்த மீசையைத் தடவிக்கொண்டு, "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று அவர் முடிக்கும்போது சிரித்தவர்கள், பாட்டின் அங்கமொன்றை அவமதித்தவர்களாகவே கருதப்படுவார்கள்.

"மாஷே, இது என்ன ராகம்?" என்று ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"இரண்டாவது கறுப்புக் கட்டையில் ஆரம்பிக்கிற ராகம்!"

1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்கு, அதில் கமகம் பேசாது என்று வித்வான்கள் காரணம் கூறினார்கள். மாஷின் அண்டை வீட்டாரோ, பின்னாளில் இவர் வாசிக்கப்போவதை முன்கூட்டியே யாரோ அறிவித்துவிட்டார்கள் என்கிறார்கள்.

கேள்வி ஞானமே போதும் என்ற தமது கட்சிக்குச் சாட்சியாக மாஷ், பாடகர் மெஹபூபை இழுப்பார். கொச்சியின் கல்யாண வீடுகளிலும் மெஹ்ஃபில்களிலும் பாடிப் பாடியே ஊரின் செல்லப் பிள்ளையான அவர் பாடிய 'ஜீவித நௌகா' (1951) படத்தின் பாட்டுகள் பலவும் இந்தி மெட்டுகளின் அச்சுப் பிரதிகள் என்பதால், "பார்த்தீரா, கேட்டு எடுத்ததுதானே!" என்பார். எதிர்க்கட்சிச் சாட்சியாக, இதே கொச்சியில் பிறந்து, சிறு வயதிலேயே பழனி ஆசிரமத்துக்குப் போய் முறைப்படி சங்கீதம் பயின்ற இசையமைப்பாளர் எம்.கே. அர்ஜுனனை நாம் நிறுத்தினால், "அவருக்குப் பழனி, எனக்குத் தேநீர்க் கடை" என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்.

1760-இல் எழுந்த ஜெபாலய மணிக்கூண்டு, அருகிலுள்ள அரண்மனையை நோக்கி மலையாள எண்களையும் ஜெபாலயத்தை நோக்கி எபிரேய எண்களையும் காட்டுவதைப்போல், மாஷும் கொங்கணி வீட்டில் ஒரு பஜனை, குஜராத்திச் சேட்டிடம் ஒரு கர்பா, தமிழ் வியாபாரியிடம் ஒரு காவடிச் சிந்து என்று ஆளுக்கேற்ற முகம் காட்டுவார். எல்லாவற்றிலும் ஒரே கட்டை, ஒரே துருத்தி, ஒரே மூச்சிரைப்பு.

ஆனால் ஒன்றுண்டு. கொச்சி யூதப் பெண்கள் கல்யாணங்களில் மலையாளத்தில் பாடிய பாட்டுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கையெழுத்து நோட்டுகளில் எழுதி வைத்தார்கள். எழுதியது சொற்களை மட்டும், மெட்டைக் காதுக்கே விட்டுவிட்டார்கள். 1950-களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கப்பலேறியும் விமானமேறியும் போய்விட்டார்கள். அந்நாளில் கிட்டங்கிப் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த சிறுவனாகிய மாஷுக்கு அந்தப் பாட்டுகளில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. மெட்டு மட்டும், பாடிய கிழவியின் இருமல் உட்பட, அப்படியே இருக்கிறது. இருமல் வரும் இடத்தில் துருத்தியை ஒரு கணம் நிறுத்துகிறார்.

ஜூ டவுன் பக்கம் போகிறவர்கள் ஒரு சாயங்காலம் அந்த மாடிப்படி ஏறிக் கேளுங்கள். ராகத்தின் பெயரை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.