லவுஞ்ச்காரர்

விமானப் பயணத்தைவிட, விமானம் கிளம்புவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தை அதிகம் விரும்பும் மனிதரே லவுஞ்ச்காரர். வயது நாற்பதுக்கு மேல், ஐம்பத்தைந்துக்குள். தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இவர் தென்படுவார் என்றாலும் வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையோரத்தில் செழித்து வளர்கிறார். காரணம் தோல். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஊர்களில் பதனிட்ட தோலும் தைத்த ஷூவும் கடல் கடந்து போவதால், அவற்றின் பின்னால் சில மனிதர்களும் போக வேண்டியிருக்கிறது. மிலானில் ஒரு தோல் கண்காட்சி, ஹாங்காங்கில் ஒன்று, சென்னை நந்தம்பாக்கத்தில் ஆண்டுதோறும் ஒன்று.

கண்காட்சிக்குப் போகும் டேனரி முதலாளிகள் லவுஞ்ச்காரர்கள் அல்ல. அவர்கள் விமான நிலைய லவுஞ்சுக்குள் போனதும் தூங்கிவிடுவார்கள். ஊருக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். லவுஞ்ச்காரர் அவர்களுக்கு ஒரு படி கீழே இருப்பவர். பள்ளிகொண்டாவில் கடை, கடைக்குப் பின்னால் ஒரு குடோன். ஷூ கம்பெனிகளுக்குப் பசை, நூல், ஐலெட், லைனிங் துணி சப்ளை. சரக்கு விஷயமாக வருடத்துக்கு நாலைந்து தடவை டெல்லி, ஆக்ரா, கான்பூர், கொல்கத்தா. இந்த நாலைந்து தடவைதான் அவருடைய வாழ்க்கை. மீதி நாட்கள் அதற்கான தயாரிப்பு.

இந்த இனத்துக்கு முதல் பாடம் கிடைத்த இடம் பள்ளிகொண்டா டோல்கேட். கட்டணம் செலுத்தத் தேவையில்லாதவர்களின் பட்டியல் குடியரசுத் தலைவரில் தொடங்கி நீளமாக அங்கே பலகையில் எழுதப்பட்டிருக்கும். மற்றவர்கள் சில்லறை தேடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பலகையை முழுதாகப் படித்தவர் லவுஞ்ச்காரர் ஒருவர்தான். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாகி எல்லா வண்டிகளுக்கும் ஒரே மாதிரித் தடுப்பு உயர்ந்தபோது ஊரே நிம்மதி அடைந்தது. அவருக்கு மட்டும் எதையோ இழந்த வருத்தம். 2025 ஆகஸ்ட் 15இல் ₹3,000க்கு 200 முறை கடக்கும் ஆண்டுப் பாஸ் வந்ததும் அந்த வருத்தம் தீர்ந்தது. 200ஐயும் தீர்த்தாக வேண்டும் என்பதற்காக வேலூர் போய் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பும் பழக்கம் அதிலிருந்து ஏற்பட்டது.

காத்திருக்கும் இடத்தை வகுப்பு வாரியாகப் பிரிக்கும் வழக்கம் இந்தப் பகுதிக்குப் புதிதன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1இல் ராயபுரத்திலிருந்து வந்து நின்ற இடமே வாலாஜா ரோடுதான். ரயிலோடு வகுப்பும் வந்து இறங்கியது. வகுப்போடு தனித்தனிக் காத்திருப்பு அறைகளும் வந்தன. மூன்றாம் வகுப்பு 1974இல் ஒழிந்தது; அறைகள் ஒழியவில்லை. ஸ்லீப்பர் டிக்கெட்டில் போகிறவர் காட்பாடி ஜங்ஷனில் உயர்வகுப்பு அறையை எட்டிப் பார்த்துவிட்டு நடைமேடைக்குத் திரும்புவதும், ஏசி டிக்கெட் கிடைத்த அன்று அங்கே இருக்கும் பதிவேட்டில் பிஎன்ஆர் எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதுவதும் லவுஞ்ச்காரரின் இளமைக்காலப் பயிற்சிகள். உள்ளே சுழலும் மின்விசிறி நடைமேடையில் சுழல்வதைவிட மெதுவாகச் சுழலும். அது அவருக்கு ஒரு பொருட்டல்ல.

கப்பலில் இந்தப் பிரிவினை இன்னும் கெட்டியானது. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் முதல் வகுப்புக்குத் தனி லவுஞ்ச், இரண்டாம் வகுப்புக்கு ஒரு நூலகம், மூன்றாம் வகுப்புக்கு மரப்பெஞ்சு போட்ட ஒரு பொதுக்கூடம். தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் ‘ரஜூலா’. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. கேபின் பயணிகளுக்குச் சாப்பாட்டு அறையும் சாய்வு நாற்காலிகளும். ஆயிரக்கணக்கான டெக் பயணிகளுக்குப் பாயும் கடற்காற்றும். அதன் பிறகு ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் நேர்ந்த தீவிபத்தோடு நின்றது. இந்தக் கப்பல்களில் டெக்கில் படுத்துப் போய்ச் சம்பாதித்தவர்களின் பேரன்மார்கள் இன்று சன்னல் இல்லாத கேபின் கிடைத்ததற்காகப் பயண ஏஜென்டிடம் சண்டை போடுகிறார்கள்.

விமான நிலைய லவுஞ்சின் கதை சிறியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1939இல் நியூயார்க்கின் லகார்டியா நிலையத்தில் அட்மிரல்ஸ் கிளப்பைத் தொடங்கியது. அன்று அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே உள்ளே போக முடிந்தது. இந்தியாவில் இதைக் கோடிக்கணக்கானவர்களின் சட்டைப்பைக்குக் கொண்டுவந்தவை வங்கி அட்டைகள். பல ரூபே அட்டைகளைத் தேய்த்தால் சரிபார்ப்புக்காக ₹2 மட்டும் பிடிப்பார்கள். பிறகு இட்லி, வடை, பொங்கல், பாஸ்தா, ஏதோ ஒரு சூப், எல்லாம் இலவசம். இந்த இரண்டு ரூபாய்க்கு வரும் குறுஞ்செய்தியை லவுஞ்ச்காரர் அழிப்பதில்லை. கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் எடுத்துக் காட்டுவார். “ரெண்டு ரூபாப்பா. டோல்கேட் பக்கத்துல டீயே பதினஞ்சு.” டீக்காக 150 கிலோமீட்டர் காரில் போனதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, வயதுக்கு மரியாதை.

அட்டையைப் பெறுவது எளிது, காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. லவுஞ்சுகளில் கூட்டம் வாசலைத் தாண்டி வரிசை கட்டத் தொடங்கியதும் வங்கிகள் சுதாரித்துக்கொண்டன. முந்தைய காலாண்டில் ₹35,000 செலவழித்திருந்தால்தான் அனுமதி என்றது ஒன்று. ஒரு லட்சம் என்றது இன்னொன்று. அன்றிலிருந்து லவுஞ்ச்காரரின் உறவினர்கள் யாரும் சொந்தமாகப் பெரிய பொருள் வாங்கியதில்லை. மச்சினன் குடியாத்தத்தில் ஃபிரிட்ஜ் வாங்கப் போனால் இவர் பின்னாலேயே போவார். “நீ காசா என் கையில குடு மச்சான், நான் கார்டுல தேச்சிக்கிறேன்.” சித்தி மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் இவர் அட்டையில்தான். பக்கத்து வீட்டுப் பையனின் கல்லூரிக் கட்டணம்கூட அப்படியே. பொய்கை மாட்டுச் சந்தையில் கறவை மாடு வாங்கிய பங்காளியிடம் மட்டும் பாச்சா பலிக்கவில்லை. செவ்வாய்ச் சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுபவர்கள், அட்டை தேய்க்கும் கருவி வைத்திருப்பதில்லை. காலாண்டு முடிய நாலு நாள் இருக்கையில் ₹3,000 குறைந்தால் இவர் முகத்தில் ஒரு கலவரம் தெரியும். அன்றைக்குப் போய்க் கடன் கேட்டால் கிடைக்காது. ஏதாவது வாங்கித் தரச் சொன்னால் உடனே கிடைக்கும்.

பயண நாளன்று நடத்தையில் ஒரு ஒழுங்கு உண்டு. முந்தின இரவே சாப்பாட்டைக் குறைப்பார். காலையில் மனைவி இட்லி எடுத்து வைத்தால் மறுப்பார். பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் மற்றவர்கள் நுழைவாயில் எண்ணைத் தேடுவார்கள். இவர் மாடிப்படியைத் தேடுவார், ஏனென்றால் லவுஞ்ச் பெரும்பாலும் மாடியில் இருக்கும். வாசலில் வரிசை நின்றால் எரிச்சல், வரிசை இல்லாவிட்டால் அதைவிட எரிச்சல்: தான் உள்ளே போவதைப் பார்க்க ஆளில்லை. உள்ளே நுழைந்ததும் முதலில் தட்டில் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வைத்துப் படம் எடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்புவார். பெங்களூரு இரண்டாம் முனையத்தின் 080 லவுஞ்சாக இருந்தால் படத்தில் பெயர்ப்பலகையும் விழும்படி பார்த்துக்கொள்வார். பிறகுதான் சாப்பாடு. பிரியாணி என்று அங்கே வைத்திருப்பதை ஆம்பூர்க்காரர் யாரும் பிரியாணி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். இவருக்கும் அது தெரியும். சீரகச் சம்பா இல்லை, கத்திரிக்காய் தொக்கு இல்லை. இருந்தும் இரண்டாவது தடவை வாங்குவார். ஊரில் அண்டா நிறையக் கிடைப்பதை இங்கே கதவுக்குள் கிடைப்பதால் சாப்பிடுகிறார்.

அட்டை ஒன்றுக்கு ஒருவர் என்பதே பொது விதி. குடும்பத்தோடு போகும்போது இந்த விதியால் வரும் சங்கடம் சொல்லி மாளாது. மனைவிக்குக் கூடுதல் அட்டை வாங்கியிருப்பார், மாமியாருக்கு இருக்காது. மாமியார் நுழைவாயிலருகே நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிசாதத்தைப் பிரிப்பார். உள்ளிருந்து வெளியே எதையும் எடுத்துப்போகக் கூடாது. அரைமணி நேரத்தில் மனைவி வெளியே வந்து தாயோடு புளிசாதம் சாப்பிடத் தொடங்குவார். மகன் கைப்பேசி மின்னேற்றம் முடிந்ததும் வந்துவிடுவான். கடைசி வரை உள்ளே இருப்பவர் லவுஞ்ச்காரர் மட்டுமே. “இன்னா மாப்ளே, உள்ள அப்பிடி இன்னாதான் கீது?” என்று மாமியார் கேட்டதற்கு இன்றுவரை தெளிவான பதில் சொல்லப்படவில்லை.

திருமலையில் ₹300 சிறப்பு நுழைவு வரிசையிலும் இவரைக் காணலாம். ₹10,000 நன்கொடை கொடுத்து வி.ஐ.பி. தரிசனத்துக்குப் போகும் வழியையும் விசாரித்து வைத்திருக்கிறார். சொந்த ஊரில் பாலாற்றங்கரையில் உத்திர ரங்கநாதர் கூட்டமில்லாத நாளில் நிதானமாகக் காட்சி தருகிறார். அங்கே இவர் போவது வைகுண்ட ஏகாதசிக்கு மட்டும், தெரிந்தவர் மூலமாக.

இவருக்கு உண்மையான சோதனை கடலில் வருகிறது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா சொகுசுக் கப்பல் 2022 ஜூன் 4இல் முதலமைச்சர் கொடியசைக்கப் புறப்பட்டபோதே அவருக்கு ஆசை வந்துவிட்டது. நிறைவேறியது சிங்கப்பூரில். பசைக் கம்பெனி, டார்கெட் அடித்த டீலர்களை மூன்று இரவுக் கப்பல் பயணத்துக்கு அழைத்துப்போனது. டீலர் டூர் என்பது இந்தப் பகுதி வியாபாரிகளுக்குப் பழகிய விஷயம்: பெயின்ட், சிமென்ட், டைல்ஸ் எல்லாவற்றிலும் உண்டு. விற்பனையில் எந்த ஸ்லாபில் வந்தாரோ அதற்கேற்ற கேபின். இவருக்கு உள்கேபின், அதிலும் ராணிப்பேட்டை டீலரோடு பங்கு. போட்டிக் கடைக்காரருக்குப் பால்கனி.

இன்றைய கப்பல்களில் பழைய முதல் வகுப்பு வேறு பெயரில் திரும்பியிருப்பதை லவுஞ்ச்காரர் அங்கேதான் அறிந்தார். எம்எஸ்சி நிறுவனம் 2008இல் ‘யாட் கிளப்’ என்று கப்பலுக்குள் ஒரு தனிக் கப்பலையே வைத்தது. நார்வீஜியன் நிறுவனம் தன்னுடையதற்கு ‘ஹேவன்’ என்று பெயர் சூட்டியது. 2004இல் ஓடத் தொடங்கிய குயின் மேரி 2இல் அறையின் விலையைப் பொறுத்துச் சாப்பாட்டுக்கூடமே மாறும். சிங்கப்பூரிலிருந்து இவர் போன கெந்திங் டிரீமில் அதற்குப் பெயர் ‘பேலஸ்’: தனி நீச்சல்குளம், தனி உணவகம், அழைத்தால் வரும் பணியாள். இத்தனைக்கும் கப்பலின் பொது உணவகங்களிலேயே ஹலாலும் இந்தியச் சைவமும் கிடைக்கின்றன, யாரும் பசியோடு தூங்கப் போவதில்லை. பேலஸ் கதவில் ஓர் உணர்கருவி. அறைச் சாவி அட்டையைக் காட்டினால் உரியவருக்குத் திறக்கும்.

முதல் நாள் மாலை லவுஞ்ச்காரர் தன் சாவியைக் காட்டினார்; சிவப்பு விளக்கு எரிந்தது. வங்கி அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பிளாட்டினம், செலக்ட், சிக்னேச்சர் எதையும் அந்தக் கதவு கண்டுகொள்ளவில்லை. அங்கே நின்ற பணிப்பெண் மிகப் பணிவாக வழிகாட்டியது பொது மேல்தளத்துக்கு. கப்பல் லவுஞ்சில் செல்லுபடியாவது இரண்டு சங்கதிகள்தாம்: விலை உயர்ந்த அறை, அல்லது பல வருட விசுவாசம். இரண்டாவதை அவர் அன்றிரவே கணக்குப் போட்டார். ராயல் கரீபியன் நிறுவனத்தின் கப்பல்களில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி, சூட் அறை என்றால் இரண்டு. 80 புள்ளி சேர்ந்தால் ‘டைமண்ட்’, அதற்கென்று ஒரு லவுஞ்ச் உண்டு. நான்கு இரவுப் பயணமாக 20 தடவை போனால் போதும். 700 புள்ளி சேர்த்தால் ‘பினாக்கிள்’. பால்கனிக்காரர் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, “அதுக்குள்ள நம்ம பசங்களுக்குக் கல்யாணமே ஆயிடும் அண்ணே” என்றார். ராணிப்பேட்டை டீலர் மேல்தளத்தில் இலவச நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு, கரையோர விளக்குகளைப் பார்த்து, மூன்று நாளும் சந்தோஷமாக இருந்தார். அவர் வேறு இனம்.

ஊர் திரும்பிய லவுஞ்ச்காரரிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. விமான நிலைய லவுஞ்சைப் பற்றிய பேச்சில் பழைய வேகம் இல்லை. “இப்ப எல்லாரும் வர்றாங்க” என்று குறைப்பட்டுக்கொள்கிறார். எல்லாரும் என்பதில் காலை ஏழு மணிக்கு ஷூ கம்பெனிப் பேருந்தில் போகும் சூப்பர்வைசர்களும் அடக்கம். அவர்களிடமும் இப்போது ரூபே அட்டை உண்டு, அவர்களும் இரண்டு ரூபாய் கொடுத்து அதே பொங்கலைச் சாப்பிடுகிறார்கள். அடுத்த ஸ்லாபுக்காகப் பசை விற்பனையை முடுக்கிவிட்டிருக்கிறார். பேலஸ் டிக்கெட்டைச் சொந்தக் காசில் வாங்கினால் என்ன என்று யோசித்தும் பார்த்தார். அப்படிப் போனால் அது வெறும் செலவு, தகுதியாகாது என்பது அவருடைய தீர்மானம்.

இவரோடு ஒரே விமானத்தில் போக நேர்பவர்கள் தங்கள் சொந்த வண்டியில் போவது நல்லது. விமானம் காலை 10.40க்கு என்றால் இவர் கார் பள்ளிகொண்டா டோல்கேட்டை விடியற்காலை மூன்றரைக்கே கடந்துவிடும், வழியில் எங்கேயும் டிபனுக்கு நிற்காது.